நாட்பட்ட நோயோடு தியானமும் பிரார்த்தனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு முடக்குவாதம் (மூட்டுகளைத் தாக்கும் நோய்) என்று சொல்லி 14 ஆண்டுகள் ஆகின்றன. சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே சனிக்கிழமை மாலை ஏழெட்டுப் பேர் சேர்ந்து அரைமணி நேரம் அமைதியாக உட்காருவோம். எல்லாருக்கும் ஏதோ ஒரு நீண்டநாள் நோய் உண்டு: இனிப்புநீர் (நீரிழிவு), சிறுநீரகம், இதயம், மூட்டு. முடிந்ததும் கோப்பிக்கடையில் கேட்கிற சந்தேகங்கள், பாலிகிளினிக்கில் எண் வரக் காத்திருக்கும்போது பக்கத்து இருக்கைக்காரர் கேட்கிறவை, இரவில் வாட்ஸ்அப்பில் வருபவை எல்லாம் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை, குருவும் இல்லை. மருந்து பற்றி இங்கே இருப்பது மருத்துவரிடமும் தாதியரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டது. உங்கள் உடம்புக்கு எது சரி என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். எங்களோடு உட்காருபவர்களில் முஸ்லிம்களும் கத்தோலிக்கர்களும் உண்டு. அவர்கள் கேட்டதையும் சேர்த்திருக்கிறேன்.

"எனக்குத் தியானமே வராதுக்கா. மனசு ஒரு நிமிஷம்கூட நிக்காது."

எனக்கும் நிற்காது. மனத்தை நிறுத்துவதுதான் தியானம் என்று யாரோ சொல்லி வைத்ததால் பாதிப்பேர் முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். மூச்சு, ஒரு நாமம், ஒரு விளக்குச் சுடர், இவற்றில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மனம் நாளைய ரத்தப் பரிசோதனைக்கு ஓடும். ஓடிவிட்டது என்று தெரிந்தவுடன், திட்டாமல், பிடித்திருந்ததற்குத் திரும்பி வாருங்கள். 10 நிமிடத்தில் 40 முறை ஓடினால் 40 முறை திரும்பி வந்திருக்கிறீர்கள். அந்தத் திரும்பி வருதலைத்தான் பழகுகிறோம்.

மருந்தும் மனத்தை மந்தமாக்கும். நான் வாரத்துக்கு ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் என்ற முடக்குவாத மாத்திரை சாப்பிடுகிறேன். மறுநாள் வயிறு புரட்டும், தலை கனக்கும். அந்த நாளில் கண்ணை மூடி மூன்று மூச்சு விட்டாலே எனக்குப் போதும் என்று வைத்திருக்கிறேன்.

"கீழே சம்மணம் போட முடியல. நாற்காலியில உட்கார்ந்தா கணக்குல சேருமா ஆன்ட்டி?"

சேரும். முதுகு ஓரளவு நேராகவும் மூச்சு தடையில்லாமலும் இருந்தால் கால் எங்கே இருந்தாலும் சரி. சாப்பாட்டு மேசை நாற்காலியே போதும். பாதம் தரையில் படியாவிட்டால் ஒரு சின்னப் பலகையை வைத்துக்கொள்ளுங்கள். படுத்தும் செய்யலாம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிற இதய நோயாளிகள் தலையணை அடுக்கிச் சாய்ந்துகொள்ளுங்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், உட்கார முடியாதவர் படுத்தபடி தொழலாம் என்று இஸ்லாத்தில் தெளிவாகவே இருக்கிறது. தொழுகைக்கே அந்தச் சலுகை உண்டு என்று எங்கள் குழுவின் முஸ்லிம் தோழி சொன்ன பிறகுதான் மற்றவர்களும் கூச்சமில்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

நோய் வந்த இரண்டாம் ஆண்டில் ஒரு முகாமுக்குப் போனேன். முட்டி வலிக்கிறது என்று சொன்னேன். "வலி மனத்தில்தான் இருக்கிறது, எழுந்திருக்காதீர்கள்" என்றார் நடத்தியவர். 40 நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மறுநாள் முட்டி வீங்கி, ஒரு வாரத்துக்குமேல் நடக்க முடியவில்லை. கால் மரத்துப்போவது வேறு, வீங்கிய மூட்டு வலிப்பது வேறு. இரண்டாவது வந்தால் யார் சொன்னாலும் எழுந்துவிடுங்கள்.

"பிரம்ம முகூர்த்தத்துல செஞ்சாத்தான் பலன்னு சொல்றாங்களே?"

அந்த நேரத்தில் ஊர் அமைதியாக இருக்கும், உண்மைதான். ஆனால் முடக்குவாதக்காரருக்கு விடிகாலையில் மூட்டு இறுகிக் கிடக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும் இளக. இன்சுலின் போடுபவருக்குக் காலை ஊசியும் சாப்பாடும் நேரத்துக்கு நடக்க வேண்டும். உங்கள் உடம்பு எப்போது ஓரளவு சாந்தமாக இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு முகூர்த்தம். எனக்குக் காலை பத்தரை மணி. 5 நிமிடத்தில் தொடங்குங்கள். முடிந்தால் தினமும் ஒரே நேரம்.

"நாலறை வீடு, ஆறு பேர் இருக்கோம். எங்க போய் உட்கார்றது?"

சிலர் சமையலறைப் பின்புறம் துணி காயப்போடும் இடத்தில் நாற்காலி போட்டுக்கொள்கிறார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் கூடம் காலியாகும். மின்தூக்கி நிற்கும் தளத்துத் தாழ்வாரத்தில் உட்காருபவரும் உண்டு. சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தால் சிங்கப்பூரில் உட்காரவே முடியாது. எங்கேயாவது புதுப்பிப்பு வேலைக்காகச் சுவரைத் துளைத்துக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சத்தத்தையும் வந்து போகிற ஒன்றாகக் கேட்டுக்கொண்டு உட்காரப் பழகலாம்.

ஒரு முக்கியமான விஷயம். ஆஸ்துமாவும் நுரையீரல் நோயும் உள்ளவர் இருக்கும் வீட்டில் சாம்பிராணியும் ஊதுவத்தியும் வேண்டாம். ஆக்ஸிஜன் வைத்திருக்கும் வீட்டில் அதன் அருகே விளக்கே ஏற்றக் கூடாது, தீப்பிடிக்கும். மின்விளக்கு வைத்துக் கும்பிடுங்கள்.

"மூச்சுப் பயிற்சி வீடியோ வந்துச்சு. ரத்தக்கொதிப்பு இருக்கு, செய்யலாமா?"

வீடியோவில் என்ன பயிற்சி என்று பாருங்கள். வயிற்றை வேகமாக உதறி மூச்சை வெளியே தள்ளும் கபாலபாதி, துருத்தி போல ஊதும் பஸ்திரிகா, மூச்சை நீண்ட நேரம் உள்ளே அடக்கும் கும்பகம் ஆகியவை ரத்தக்கொதிப்பு, இதய நோய், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தாமாகச் செய்யக் கூடாதவை. கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கும் ஆசனங்களையும் தொடவேண்டாம்.

எல்லாருக்கும் பொதுவாகப் பொருந்துவது மெதுவான மூச்சு. மூக்கால் இழுத்து, இழுத்ததைவிடக் கொஞ்சம் நீளமாக வெளியே விடுங்கள். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும், அதனால்தான் நீளமாக விடச் சொல்கிறார்கள். நுரையீரல் நோய் உள்ளவர்கள் உதட்டைக் குவித்து, சூடான தேநீரை ஊதுவதுபோல் விட்டால் சுலபமாக இருக்கும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு வழக்கம்போல் மூச்சு விடுங்கள்.

"தியானம் செய்ய ஆரம்பிச்சதும் பிரஷர் இறங்கியிருக்கு. மாத்திரையைக் குறைச்சுக்கலாமா?"

நீங்களாகக் குறைக்காதீர்கள். பிரஷர் இறங்கியது மாத்திரையாலும் இருக்கலாம், இரண்டாலும் இருக்கலாம். வீட்டில் எடுத்த அளவுகளை எழுதிக்கொண்டு அடுத்த சந்திப்பில் காட்டுங்கள். குறைக்கலாம் என்றால் மருத்துவரே குறைப்பார்.

ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். பிரெட்னிசலோனை நீண்ட நாள் சாப்பிட்டால் நம் உடம்பு அந்த ஹார்மோனைத் தானாகச் சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மனம் தெளிவாக இருந்த ஒரு மாதத்தில், இனி எனக்கு இது வேண்டாம் என்று நானே நிறுத்தினேன். நான்காம் நாள் படுக்கையிலிருந்து எழ முடியாமல் ஆம்புலன்சில் போனேன். பக்திக்கும் மாத்திரைக்கும் போட்டி இருக்கிறது என்று அன்றுவரை நினைத்திருந்தேன். இப்போது மாத்திரைப் பெட்டி சாமி மாடத்தில்தான் இருக்கிறது. விளக்கு ஏற்றியதும் மாத்திரை. மறப்பதும் இல்லை.

"மருத்துவமே தியானத்தை ஏத்துக்கிச்சா, இல்ல நம்ம ஆளுங்க பெருமைக்குச் சொல்றதா?"

ஒரு எல்லைக்குள் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1979இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஜோன் கபாட்-ஜின் என்பவர் தீராத வலியோடு வாழ்பவர்களுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். மூச்சைக் கவனிப்பது, உடம்பை ஒவ்வொரு பாகமாகக் கவனித்து வருவது, மென்மையான யோகாசனம் எல்லாம் அதில் உண்டு. 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, நாட்பட்ட இடுப்புவலிக்கு மருந்துக்கு முன்னால் முயன்று பார்க்கக்கூடிய வழிகளில் ஒன்றாக அந்தப் பயிற்சியைச் சேர்த்தது.

இடுப்புவலிக்குச் சொன்னதைச் சிறுநீரகத்துக்கும் புற்றுநோய்க்கும் நீட்டி, குணமாகும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வலி அப்படியே இருந்தும் அதோடு வரும் பயமும் எரிச்சலும் குறைந்தன என்பதுதான் என் அனுபவம். அதுவே எனக்குப் பெரிது.

"இனிப்புநீர் இருக்கு. சஷ்டி விரதத்தை விட மனசு வரல."

என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிப்பிசைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். விரதத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மருத்துவரிடம் சொன்னால் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார், அல்லது வேண்டாம் என்பார். விரதத்தில் இருக்கும்போது சர்க்கரை 4.0 mmol/Lக்குக் கீழே போனால் விரதம் அங்கேயே முடிந்தது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள்.

நோன்பு பற்றிக் கேட்பவர்களுக்கு: குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 184, 185ஆம் வசனங்களே நோயாளிக்கு விலக்குத் தருகின்றன. குணமாகும் வாய்ப்பு இல்லாதவர் விட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஃபித்யா என்ற ஈடாக ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம். கத்தோலிக்கத் திருச்சபையும் நோயாளிகளை உபவாசக் கடமையிலிருந்து விடுவிக்கிறது. நம் சைவ வைணவக் குடும்பங்களில்தான் பலருக்கும் எழுதிய விதி எதுவும் தெரியாததால் மாமியார் சொல்வது விதியாகிவிடுகிறது. சஷ்டி ஆறு நாளும் தொலைக்காட்சித் தொடரை விடுங்கள், ஒருவரைப் பற்றியும் புறம் பேசாமல் இருங்கள். செய்து பார்த்துச் சொல்கிறேன், பட்டினியைவிட இது கடினம்.

"பிரசாதத்தை வேண்டாம்னு சொன்னா சாமி குத்தம் ஆயிடாதா?"

ஆகாது. இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு பருக்கை வாயில் போட்டு, மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள். சிறுநீரக நோயாளிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழமும் பேரீச்சையும் இருக்கின்றன, இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். இளநீரும் அப்படித்தான். சர்க்கரைப் பொங்கலில் வெல்லம் மட்டும் அல்ல, பருப்பும் முந்திரியும் உண்டு. திருநீறும் குங்குமமும் போதும் என்று சொன்னால் எந்த அர்ச்சகரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

"தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கறதா நேர்ந்துக்கிட்டேன். இப்ப கால் மரத்துப் போச்சு. என்ன செய்றது?"

சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்குமேல் வெறுங்காலில் நடக்க வேண்டும். இனிப்புநீரால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கல் குத்தினாலும் தெரியாது, தார்ச்சாலை சுட்டாலும் தெரியாது. சின்னக் கொப்புளம் புண்ணாகி விரலை எடுக்கும் அளவுக்குப் போனதை எங்கள் குழுவிலேயே பார்த்திருக்கிறோம்.

வீட்டில் ஒருவர் உங்களுக்காக எடுப்பது நம்மிடையே காலங்காலமாக உள்ள வழக்கம். வேறொரு நாள் அபிஷேகத்துக்குப் பால் வாங்கிக் கொடுக்கலாம். கோயிலில் கேட்டால் வழி சொல்வார்கள். சாதாரண நாளில் கோயிலுக்குப் போனாலும் வெயில் ஏறிய தரையில் நிற்காதீர்கள். காலுறை போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

"கோயிலுக்கே போக முடியாத நாள்ல மனசு வெறுமையா இருக்கு."

இந்த வெறுமை எனக்குத் தெரியும். லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்குப் போய் வீரமாகாளியம்மனைப் பார்த்துவிட்டு ஒரு தோசை சாப்பிட்டு வருவது எனக்கு வாரச் சடங்காக இருந்தது. போக முடியாமல் போனபோது சாமியைவிட அந்த வழியைத்தான் அதிகம் தேடினேன்: பூக்கடை வாசம், தெரிந்த முகங்கள். அதனால் வீட்டிலேயே அந்த வழியைக் கொஞ்சம் அமைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மகன் ஒரு முழம் மல்லிகை வாங்கி வருவான். அதை நானே மெதுவாகச் சாத்துவேன். விரல் மடங்காததால் 10 நிமிடம் ஆகும். அந்த 10 நிமிடமும் பூஜைதான்.

போக முடிகிற நாளில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைத் தவிர்த்து வாரநாள் காலையில் போங்கள். பார்ட்லி சாலை ராமகிருஷ்ண மிஷனில் பிரார்த்தனைக் கூடத்தில் ஓரமாக அமைதியாக உட்காரலாம். வீட்டை விட்டு நகர முடியாத கத்தோலிக்கர்கள் தங்கள் பங்கு ஆலயத்தில் சொன்னால் நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவருவார்கள், குருவானவர் வந்து நோயில்பூசுதலும் (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செய்யும் திருச்சடங்கு) கொடுப்பார். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

"டயாலிசிஸ்ல வாரத்துக்கு மூணு நாள், நாலு நாலு மணி நேரம் போயிடுது. அதுல என்ன தியானம்?"

என் அம்மா ஒன்பது ஆண்டுகள் டயாலிசிஸில் இருந்தார். முதல் ஆண்டு அந்த நான்கு மணி நேரமும் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒருநாள் ருத்திராட்ச மாலையை எடுத்துப் போனார். ஊசி போட்ட கையை அசைக்கக் கூடாது என்பதால் மறு கையில் உருட்டினார். கொஞ்சம் ஜெபம், கொஞ்சம் தூக்கம், காதில் ஒலி 96.8 வானொலி என்று நேரத்தைப் பிரித்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த சீனப் பாட்டியும் தன் மணிமாலையைக் கொண்டுவரத் தொடங்கினார். மொழி தெரியாமலே இருவரும் சிநேகிதிகள் ஆனார்கள்.

டயாலிசிஸின்போது ரத்த அழுத்தம் இறங்குவது உண்டு. தலை லேசாகி, கொட்டாவி வந்து, கண் இருட்டினால் அதைத் தியான அமைதி என்று நினைத்துப் பேசாமல் இருக்காதீர்கள். உடனே தாதியைக் கூப்பிடுங்கள்.

"தியானத்துல உடம்பு மிதக்குற மாதிரி இருந்துச்சு, வேர்த்து நடுங்குச்சு. குண்டலினியாக்கா?"

இனிப்புநீர் மருந்து எடுப்பவர் என்றால் முதலில் விரலைக் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு, மிதப்பு எல்லாம் சர்க்கரை இறங்கியதற்கான அடையாளங்கள். என்ன செய்வது என்று விரதக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன். இதயத்துடிப்பைக் குறைக்கும் சில மாத்திரைகள் படபடப்பை மறைத்துவிடும், அப்போது வியர்வை மட்டுமே தெரியலாம். நெஞ்சு இறுகினாலோ, ஒரு பக்கக் கை கால் பலமிழந்தாலோ ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

சோதித்துப் பார்த்து எல்லாம் சரி என்றால், அந்த அனுபவம் எதுவாகவும் இருக்கட்டும், வந்தது போகும். அதைத் தேடி மறுநாள் உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் வரும்.

"கண்ணை மூடினா வலி கூடுது. மூடாம இருந்தாலே தேவலாம் போல."

அப்படியானால் மூடாதீர்கள். கண்ணை மூடினால் கவனம் போக வேறு இடம் இல்லாமல் வலியிலேயே குவியும். கண்ணைத் திறந்து சுடரைப் பாருங்கள், மழைச் சத்தம் கேளுங்கள், நாமத்தை உதடு அசையச் சொல்லுங்கள். உடம்பில் வலிக்காத ஓர் இடம் எப்போதும் இருக்கும். எனக்குக் காது மடல். சிரிக்க வேண்டாம், மோசமான நாளில் கவனத்தை அங்கே வைத்துத்தான் தொடங்குவேன். கொஞ்சம் நிலைத்த பிறகு வலிக்கும் இடத்தை ஓரிரு மூச்சு எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

எட்டிப் பார்க்கும்போது ஒன்று தெரிந்தது. வலி என்று ஒற்றைச் சொல்லில் சொல்வதற்குள் சூடு, இழுப்பு, துடிப்பு எல்லாம் மாறி மாறி இருக்கின்றன. அதோடு "நாளைக்கும் இப்படித்தான் இருக்குமோ" என்ற நினைப்பும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூட்டை நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. நினைப்பை அடையாளம் கண்டதும் அது கொஞ்சம் விலகிக்கொள்கிறது. இதற்கு எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. ஆனால் புதிதாக வந்த வலியையோ, வழக்கத்தைவிடக் கூடிய வலியையோ இப்படிக் கவனித்துக்கொண்டே இருக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

"போன ஜென்மத்துப் பாவம்தான் இப்படி வந்திருக்குன்னு சொந்தக்காரங்களே சொல்றாங்க. உண்மையா?"

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதுதான் பலருக்கும் குரல் உடைகிறது. நான் அப்பரை நினைத்துக்கொள்வேன். அவரைச் சூலை நோய் வாட்டியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தமக்கை திலகவதியாரிடம் போய்ச் சேர்ந்தார். அவர் திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப்போனார். அங்கே அப்பர் பாடிய முதல் பதிகத்தின் முதல் பாட்டிலேயே, தான் செய்த கொடுமை எதுவோ தனக்குத் தெரியவில்லை என்கிறார். குடலோடு சேர்த்து முடக்கும் அந்த வலியைச் சொல்லி, "ஆற்றேன்" என்கிறார். என்னால் தாங்க முடியவில்லை என்று கோயிலுக்குள் நின்று சொல்கிறார்.

அத்தனை பெரியவருக்கே தெரியாத வினைக் கணக்கை உங்கள் சின்னம்மா எப்படிப் போட்டுப் பார்த்தார்? அப்பருக்கு வலி நீங்கியது. எனக்கு நீங்கவில்லை. இருந்தாலும் அந்தப் பதிகத்தைப் பாடும்போது, வலியைச் சொல்லி முறையிடுவதே வழிபாடாக இருக்கலாம் என்ற உரிமை எனக்குக் கிடைக்கிறது. முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிறது. பரம்பரை, புகைபிடித்தல் என்று சில காரணங்கள் தெரியும். அதற்குமேல் யாரும் உங்கள்மேல் பழி சுமத்த இடம் கொடுக்காதீர்கள்.

"சாமி மேல கோபமா வருது. கும்பிடவே பிடிக்கல."

கோபப்படுங்கள். நெருக்கமானவரிடம்தான் சண்டை போடுவோம். நான் ஆறு மாதம் விளக்கு ஏற்றவில்லை. பிறகு ஒருநாள் மாடத்தின் முன்னால் உட்கார்ந்து திட்டித் தீர்த்தேன். அதுவே பேச்சுவார்த்தையின் தொடக்கமாகிவிட்டது.

நம்பிக்கையே போய்விட்டவர்களும், ஆரம்பத்திலிருந்தே இல்லாதவர்களும் எங்களோடு உட்காருகிறார்கள். மூச்சைக் கவனிக்கக் கடவுள் சம்மதம் தேவையில்லை. அவர்களில் ஒருவர் தினமும் மாலையில் தன் மாடித் தோட்டத்துக் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது மட்டும் பேசாமல் இருப்பார். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு அது தியானமாகத்தான் தெரிகிறது.

"உட்கார்ந்தாலே அழுகையா வருது. இருந்து என்ன பண்ணப் போறோம்னு தோணுது."

அழுகை வந்தால் அழுங்கள், பகல் முழுக்க அடக்கியது அமைதியில் வெளியே வரும். ஆனால் இரண்டு வாரத்துக்குமேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். நாட்பட்ட நோயோடு அது அடிக்கடி சேர்ந்து வரும். அதற்கும் மருத்துவம் உண்டு. பாலிகிளினிக் மருத்துவரிடமே சொல்லலாம். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் தனியாகக் கண்ணை மூடி உட்காராதீர்கள். 1767 என்ற எண்ணில் தற்கொலைத் தடுப்பு உதவி அமைப்பான எஸ்ஓஎஸ் 24 மணி நேரமும் இருக்கிறது. அந்த எண்ணை இப்போதே கைத்தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

"ஒரு சுவாமி மூலிகை உருண்டை தர்றார், மூணு மாசத்துல குணம்னு. போகலாமா?"

மருந்தை நிறுத்தச் சொல்பவர், பணத்தை முன்கூட்டிக் கேட்பவர், வீட்டில் சொல்லாதே என்பவர் ஆகிய மூவரிடமிருந்தும் விலகியிருங்கள். பெயர் ஒட்டாத உருண்டைகளிலும் பொடிகளிலும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி பறந்துவிடும், அதனால்தான் நம்புகிறார்கள். பிறகு வரும் ஆபத்தை மாத்திரைக் கேள்வியில் எழுதியிருக்கிறேன். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென நிறுத்தவும் வேண்டாம். உருண்டையையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

"நோய் அவருக்கு. பார்த்துக்குறது நான். எனக்கு எப்போ நேரம்?"

உங்களுக்குத் தனி நேரம் கிடைக்காது என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன். இடையிடையே கிடைக்கும் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கஞ்சி கொதிக்கும் நேரம், மின்தூக்கி வரும் நேரம், மருந்தகத்தில் எண் வரும்வரை. மூன்று மூச்சு, ஒரு நாமம். அதோடு, வாரத்தில் ஒரு மணி நேரம் வேறு யாராவது வந்து உட்கார ஏற்பாடு செய்யுங்கள். கேட்டால் வருவார்கள். நாம்தான் கேட்பதில்லை.

"இவ்வளவு வருஷம் கும்பிட்டும் நோய் கூடிக்கிட்டே போகுதே. இனிமே எதுக்கு?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை, அம்மாவின் கதைதான் இருக்கிறது. டயாலிசிஸ் நாற்காலியில் 108 முறை உருட்டியவர், கை நடுங்கத் தொடங்கியதும் 54 ஆக்கினார், அப்புறம் 27. கடைசி இரண்டு வாரம் வீட்டில் இருந்தபோது மாலையைப் பிடிக்க முடியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து உருட்டினேன். ஒவ்வொரு மணிக்கும் உதடு அசையும். ஒன்பது வந்ததும் கண்ணால் போதும் என்பார். ஒருநாளும் குணமாக்கு என்று அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை. என் மகன் சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார்.

முடியாத காலத்தில் யார் பக்கத்தில் இருக்க வேண்டும், என்ன ஓத வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதை முன்கூட்டிய பராமரிப்புத் திட்டத்தில் எழுதி வைக்கலாம். மருத்துவமனையிலும் பாலிகிளினிக்கிலும் கேட்டால் அதற்குப் பயிற்சி பெற்றவர் உட்கார்ந்து பேசி எழுத உதவுவார். தேவாரமோ, குர்ஆனின் யாசீன் அத்தியாயமோ, ஜெபமாலையோ எது வேண்டும் என்று பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் அவர்கள் திகைத்து நிற்பார்கள். நான் திருவதிகைப் பதிகத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். மகனுக்கு இன்னும் ராகம் பிடிபடவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டிரண்டு பாட்டாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.